பிலிம் ரோல் தட்டுப்பாடும் மறுவிற்பனை விலையும்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் போனில் ஒரே கேள்வி பல குரலில் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, கலர் ரோல் எங்கயாச்சும் கிடைக்குமா? ஒருத்தர் விளம்பரம் போட்டிருக்கார், ஆனா விலை..." அந்த 'ஆனா விலை'க்குப் பின்னால் வருகிற கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். பழைய கேமராவில் பிலிம் போட்டுப் படமெடுப்பது எனக்குத் தொழில் இல்லை, பதினைந்து வருடப் பைத்தியம். ஆன்லைனில் விளம்பரம் போட்டு விற்றிருக்கிறேன், வாங்கியிருக்கிறேன், ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை நானே கொஞ்சம் அதிகமாகப் பிடுங்கியும் இருக்கிறேன். அதுவும் கீழே வருகிறது.

செல்போன் காலத்தில் பிலிமுக்கு என்ன தட்டுப்பாடு?

செல்போன் வந்ததால்தான் தட்டுப்பாடு. எல்லா வீட்டுக் கல்யாணமும் பிலிமில் எடுக்கப்பட்ட காலத்தில் ஆலைகள் ஓயாமல் ஓடின. டிஜிட்டல் வந்தபின் ஒவ்வொன்றாக மூடின. ஈஸ்ட்மன் கோடாக் 2012-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கடைகளுக்குப் பிலிம் விற்கும் வியாபாரம் அடுத்த ஆண்டு கோடாக் அலாரிஸ் என்கிற தனி நிறுவனத்துக்குப் போனது. பிலிமைத் தயாரிக்கிற வேலை மட்டும் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்துப் பழைய ஆலையிலேயே தொடர்ந்தது. சில வருடம் கழித்து இளவட்டங்கள் மறுபடி பிலிம் பக்கம் திரும்பினார்கள். ஆள் கூடியது, ஆலை கூடவில்லை. ஃபியூஜி வேறு 2016-ல் உடனடிப் படத்துக்கான எஃப்பி-100சி பிலிமையும், 2021 ஜனவரியில் புரோ 400எச் பிலிமையும் நிறுத்துவதாக அறிவித்தது. 2024 நவம்பரில் ரோச்செஸ்டர் ஆலையைப் புதுப்பிப்பதற்காகக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். ஒரே அடுப்பில் ஊருக்கே சமைத்தால், அடுப்பை மெழுகுகிற அன்றைக்கு ஊரே காத்திருக்க வேண்டியதுதான்.

நம்மிடமும் ஒரு அடுப்பு இருந்தது. 1960-ல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 'இந்து' என்று பெயர் போட்ட கருப்பு வெள்ளை பிலிம் அங்கிருந்து வந்தது. எங்கள் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் இன்றும் அந்த டப்பாவில் சேஃப்டி பின், பட்டன் போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஆலையும் மூடியாயிற்று. இப்போது எல்லாமே இறக்குமதி. பெரிய நகரங்களில் விற்றது போக மிச்சம்தான் மதுரைக்கு.

இதில் நம் ஊருக்கென்று தனிக் கூத்து ஒன்று உண்டு. தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. அதற்கு வேகமான, அதாவது வெளிச்சத்தைச் சட்டென்று வாங்கிக்கொள்கிற, 400 ஐ.எஸ்.ஓ. ரோல் வேண்டும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று ஊரே எட்டிப் பார்க்கும்; பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் செழிக்கும் என்பார்கள். கருப்பு வெள்ளையில் எடுத்தால் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல்தான். அதனால் சித்திரைக்கு முன்னால் கலர் ரோலுக்கு மட்டும் இப்படி ஓர் அடிதடி.

விலை ஏறுவதே தப்பா? மாட்டுத்தாவணியில் மல்லி ஏறுவதில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காத மதுரைக்காரர் இல்லை. நியாயமான கேள்வியும்கூட. கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகிற மல்லி, பனி விழுகிற மார்கழியில் வரத்துக் குறைந்து, தை முகூர்த்தத்தில் சில ஆயிரத்தைத் தொடும். யாரும் பூக்காரம்மாவைக் கொள்ளைக்காரி என்று சொல்வதில்லை. முழம் அளப்பதில் கை கொஞ்சம் குறுகும், நாமும் கண்டுகொள்ள மாட்டோம்.

ஆனால் அந்தச் சந்தையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். விடிவதற்குள் பூ வந்து இறங்குகிறது. விலை எல்லார் காதிலும் விழும்படி கூவப்படுகிறது. ஏறின விலையில் ஒரு பங்காவது செடி வளர்த்தவருக்குப் போகிறது. அடுத்த வருடம் அவர் இன்னும் இரண்டு வரிசை நடக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலே, மல்லியைப் பதுக்க முடியாது. நாளைக்கு விற்கலாம் என்று மூட்டை கட்டி வைத்தவர் கையில் சாயங்காலமே பழுப்புச் சருகு.

பிலிம் அப்படி இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். கடையில் இருக்கிற பத்து ரோலையும் ஒருவர் எடுத்துப் போய்விட்டால், அங்கே தட்டுப்பாடு தானாக வரவில்லை, அவர் உண்டாக்கினார். அவர் கூடுதலாக வாங்குகிற பணத்தில் ஒரு பைசா ரோச்செஸ்டருக்குப் போகாது, ஒரு ரோல்கூட அதிகமாக உற்பத்தி ஆகாது. விலை ஏறுவதை நான் குறை சொல்வதில்லை. ஏற வைப்பதற்காகவே வாங்குவதும், வாங்கிய கதையை மறைத்து விற்பதும்தான் எனக்கு ஒவ்வாதவை. இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் இதன் கிளைதான்.

அப்படியானால் எவ்வளவு வரை கூட்டிச் சொல்லலாம்?

நான் வைத்திருக்கிற கணக்கு இது. இன்றைக்குக் கடையில், இருப்பு வரும்போது, அந்த ரோல் என்ன விலையோ அதுதான் உச்சவரம்பு. நீங்கள் இரண்டு வருடம் முன்னால் 700-க்கு வாங்கினீர்கள், இன்று கடை விலை 1,100 என்று வைத்துக்கொள்வோம். 1,100-க்குப் போட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். விற்ற காசில் நீங்களும் ஒரு ரோல் திரும்ப வாங்க வேண்டுமே. 900-க்குப் போட்டால் நல்ல மனுஷன் என்று நாலு பேரிடம் சொல்வேன். கடையில் இருப்பு இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக 1,900 போட்டால், அந்த 800 ரூபாய்க்கு ஒரே பெயர்தான். தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கையில் மடக்கி வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே விலை சொல்லிக்கொண்டு போவார்களே, அதே பெயர்.

கொரியர் செலவைத் தனியாகக் கேளுங்கள். விலைக்குள் அமுக்கி வைக்காதீர்கள்.

ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தூக்கி வந்தேன் என்கிறார். அவருக்குக் கூடுதல் தரலாமா?

தாராளமாக. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நேரே விமானம் இருப்பதால், சித்தப்பா வருகிறார், மச்சான் வருகிறார் என்று பத்துப் பதினைந்து ரோல் வந்து இறங்குவது உண்டு. ஊரில் இல்லாத சரக்கை ஊருக்குள் கொண்டுவருகிறவர் தட்டுப்பாட்டைக் குறைக்கிறார். அலைச்சலுக்கு ஒரு தொகை வைப்பதில் தப்பே இல்லை.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ரோல் எந்தப் பெட்டியில் வந்தது? விமான நிலையங்களில் சில இடத்தில் இப்போது சி.டி. ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். அதில் போன பிலிம் மூட்டம் போடும். சரக்குப் பெட்டிக்கான எக்ஸ்ரேயும் கடுமையானது. கைப்பையில் வைத்து, ஸ்கேனருக்குள் விடாமல் கையால் பார்க்கச் சொல்லி வாங்கி வந்தாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி" என்று பதில் வந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி குற்றமா?

பெட்டியில் அடைத்து விலை அச்சிட்ட பொருளை அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. சில்லறைக் கடைக்காரர் என்று மட்டும் இல்லாமல் 'வேறு எவரும்' என்கிற வகையில் விதி அகலமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இந்திய ஸ்டிக்கர் ஒட்டிய, பிரிக்காத பெட்டியை அதற்கு மேல் விற்கும் விளம்பரம் போடுகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடையே அப்படி விற்றால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் தர மறுக்கிற கடையில் வாங்காமல் திரும்புவது அதைவிட நல்லது.

2020-ல் முகக்கவசத்துக்கு அரசு விலை வைத்ததே, அதுபோல இதற்கும் வராதா என்று ஒரு தம்பி கேட்டார். வராது. அப்போது முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் என்று அறிவித்து, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். உயிர் சம்பந்தப்பட்டது. நம் ரோல் இல்லாவிட்டால் யாருக்கும் மூச்சு நிற்காது. வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்.

கடையில் இருப்பதையெல்லாம் ஒருவரே அள்ளுகிறார். கடைக்காரருக்குக் காசுதானே, அவர் ஏன் தடுக்கப்போகிறார்?

தடுக்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய ஸ்டுடியோ. முன்னால் பாஸ்போர்ட் படம், உள்ளே திரை போட்ட இருட்டறை. அங்கே பெரியவர் ஒருவர், எழுபது தாண்டியவர், மாதம் ஒரு பெட்டி பிலிம் வரவழைப்பார். ஒருமுறை நான் அங்கே நிற்கும்போது ஒரு பையன் வந்து, "சார், எத்தன இருக்கு? மொத்தமா எடுத்துக்கிறேன், ஜிபே பண்ணிடவா?" என்றான். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"என்ன கேமரா வச்சிருக்க?"

பையன் முழித்தான்.

"ஆளுக்கு ரெண்டு. எடுத்துட்டு, கழுவ இங்கயே கொண்டா. கழுவினதும் அடுத்த ரெண்டு தர்றேன்."

அவருக்கு அதில் நஷ்டமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். ரோல் விற்பதில் வருகிற லாபத்தைவிடக் கழுவி ஸ்கேன் போடுவதில்தான் அவருக்கு வரும்படி. பதுக்கினவன் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற ரோல் ஒருநாளும் கழுவ வராது. ஆளுக்கு இரண்டு என்று பத்துப் பேருக்குப் பிரித்தால் பத்துப் பேரும் திரும்ப வருவார்கள். இதைப் புரிந்த கடைக்காரர் நமக்கு இன்னும் நாலு பேர் கிடைத்தால், நான் இந்தப் பக்கத்தை எழுதவே வேண்டியிருக்காது.

காலாவதியான ரோலை விற்கலாமா?

விற்கலாம். மறைக்கத்தான் கூடாது. பிலிம் பாலைப் போலத் தேதி தாண்டிய மறுநாளே திரிந்துவிடாது, மெல்ல மங்கும். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்காக, வெளிச்சம் கொடு என்று எங்களுக்குள் ஒரு கைக்கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு எழுதியவர் குளிர் நாட்டுக்காரராக இருக்க வேண்டும். மதுரையில் சித்திரை வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே பரணில் ஏழு கோடை பார்த்த ரோலும், ஏழு வருடம் ஃபிரிட்ஜில் கிடந்த ரோலும் தேதியில் ஒன்று, படத்தில் வேறு வேறு.

அதனால் விளம்பரத்தில் மாதமும் வருடமும் தெரியும்படி பெட்டியின் பக்கவாட்டைப் படமெடுத்துப் போடுங்கள். எங்கே வைத்திருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே பெட்டியில் நிறைய ரோல் இருந்தால் ஒன்றை நீங்களே எடுத்துக் கழுவிப் பார்த்து, அந்தப் படத்தையும் போடுங்கள். இதைச் செய்தவரிடம் கடை விலையில் பாதி கொடுத்து வாங்கியிருக்கிறேன், வருத்தமே வந்ததில்லை. 'கோல்டு ஸ்டோர்டு' (குளிரில் வைத்தது) என்று மட்டும் எழுதியவரிடம் ஒருமுறை வாங்கினேன். திருப்பரங்குன்றம் மலையும் தெப்பமும் எடுத்த மொத்த ரோலும் பாசி பிடித்த தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த மாதிரி வந்தது. கேட்டதற்கு, "பீரோவுல கீழ்த்தட்டுல வச்சிருந்தேன் அண்ணே, அங்க சில்லுன்னுதான் இருக்கும்" என்றார்.

சினிமா பிலிமைச் சின்ன ரோலாகச் சுற்றி மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா? அதற்கும் அதே விலை கேட்பது நியாயமா?

தட்டுப்பாட்டில் நம்மைக் காப்பாற்றுகிற சரக்கே அதுதான். கோடாக் விஷன்3 250D, 500T மாதிரி சினிமாவுக்கென்று 400 அடி டப்பாவில் வருவதை வாங்கி, இருட்டில் கையால் சிறிய கேசட்டில் சுற்றுகிறார்கள். 400 அடியில் 36 படம் எடுக்கிற ரோல் சுமார் எழுபது கிடைக்கும். டப்பா 42,000 என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் ரோலுக்கு 600. கேசட், லேபிள், வீணாகிற முனை, அவர் இருட்டில் உட்கார்ந்த நேரம் எல்லாம் சேர்த்து 800, 850 சொன்னால் கொடுத்துவிட்டு வாருங்கள். அது மறுவிற்பனை இல்லை, உழைப்பு.

ஆனால் இதில் ஒரு கட்டாயம் உண்டு. 2025-ல் கோடாக் மாற்றத் தொடங்கும்வரை வந்த அந்த வகைப் பிலிமின் முதுகில் ரெம்ஜெட் என்று ஒரு கரிப்பூச்சு இருக்கும். கலர் ரோலை வழக்கமாகக் கழுவுகிற சி-41 முறையில் கழுவினால் அந்தக் கரி கழன்று கெமிக்கலிலும் ரோலரிலும் ஒட்டி, அடுத்தடுத்து வருகிறவர்களின் பிலிமையும் கெடுத்துவிடும். அதை விற்கிறவர் லேபிளிலேயே எழுத வேண்டும்: 'ரெம்ஜெட் உண்டு, ஈ.சி.என்.-2 (சினிமா பிலிம் கழுவுகிற) முறையில் மட்டும் கழுவவும்.' இதை எழுதாமல் சாதாரணக் கலர் ரோல் என்று விற்கிறவர், விலை 300 என்று போட்டிருந்தாலும் என் கண்ணுக்கு, 1,900 போட்டவரைவிட மோசம். அவர் கெடுப்பது வாங்கியவரை மட்டும் இல்லை. ஏதோ ஒரு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்திருக்கிற யாரோ ஒருவரின் வளைகாப்புப் படத்தையும் சேர்த்து.

'வின்டேஜ், மிக அரிது' என்று யாஷிகா கேமராவுக்கு ஐயாயிரம் கேட்கிறார்கள். உண்மையிலேயே அரிதா?

யாஷிகா எம்எஃப்-2 என்றால் தைரியமாகச் சிரிக்கலாம். நம் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில், சுடிதார் பெட்டியில் வைத்து, துணி அலமாரியின் மேல் தட்டில் அது இருக்கும். அதுவோ கோடாக் கேபி10-ஓ. உங்கள் அத்தை வீட்டில் கேட்டுப் பாருங்கள், காபியோடு சேர்த்துச் சும்மாவே கிடைக்கும். பேட்டரி கசிந்து துரு பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது டிஜிட்டல் கேமராவிலும் இந்தக் கூத்து நடந்தது. ஃபியூஜி எக்ஸ்100வி 2020-ல் 1,399 டாலருக்கு வந்தது. இரண்டு வருடம் சும்மா கிடந்த கேமரா, டிக்டாக்கில் பிரபலமானதும் கடைகளில் காணாமல் போய், பழையது புதியதைவிட அதிக விலைக்குப் போயிற்று. அடுத்த மாடல் 2024 பிப்ரவரியில் 1,599 டாலருக்கு வந்தபோதும் அதே வரிசை, அதே காத்திருப்பு. கூட்டத்தோடு ஓடி வாங்குகிற பொருளில் பாதி விலை பொருளுக்கு, பாதி விலை அவசரத்துக்கு. காத்திருக்கத் தெரிந்தவருக்கு இரண்டாவது பாதி மிச்சம்.

விளம்பரத்தில் விலை போடாமல் 'இன்பாக்ஸ் வாங்க' என்கிறார்களே?

ஆளைப் பார்த்து விலை சொல்லத்தான். சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவார்கள், பார்த்திருப்பீர்கள். அங்கே பேசுகிற இரண்டு பேருக்கும் மாட்டு விலை தெரியும். இங்கே துண்டுக்குள் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். விலை போடாத விளம்பரத்தை நான் தாண்டிப் போய்விடுவேன்.

வாங்குகிறவர் பக்கத்து ஒழுங்கு ஒன்றும் இல்லையா?

நிறைய உண்டு, யாரும் கேட்பதில்லை என்பதால் சொல்லப்படுவதில்லை. வணக்கம்கூடச் சொல்லாமல் "லாஸ்ட் எவ்ளோ?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எடுத்துக்கிறேன் அண்ணே, ஞாயித்துக்கிழம வர்றேன்" என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போங்கள், போக முடியாவிட்டால் சனிக்கிழமையே ஒரு வார்த்தை. உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் வந்து நிற்கிறார், நீங்கள் போனை எடுக்கவில்லை என்றால் அது விலைக் கொள்ளையைவிடக் கேவலம். தயவுசெய்து, "நான் மாணவன், கையில காசில்ல" என்று உருக்கமாகப் பேசிக் குறைத்து வாங்கிவிட்டு, அதையே மறுவாரம் கூட்டி விற்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னது யாரையோ குத்துகிற மாதிரி இருக்கிறதே?

குத்துகிற மாதிரிதான். ஒரு தம்பிக்கு மூன்று ரோல் வாங்கின விலைக்கே கொடுத்தேன். முதல் முறையாக ஜல்லிக்கட்டு எடுக்கப் போகிறேன் என்றான். எந்த இடத்தில் நின்றால் வாடிவாசலுக்கு நேரே வெளிச்சம் விழும் என்று படம் போட்டுக் காட்டினேன். பொங்கல் கழித்து, படம் வந்ததா தம்பி என்று கேட்கலாமென்று நினைத்திருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மூன்று ரோல், விலை இரண்டு மடங்கு. ஒரு பெட்டியின் மூடியில் என் கையெழுத்தில் பென்சிலால் '2வது தட்டு' என்று இருந்தது. என் ஃபிரிட்ஜின் இரண்டாவது தட்டு.

எனக்குப் போனது சில நூறு ரூபாய். அதற்குப் பின் முகம் தெரியாத நாலைந்து பேர் உண்மையிலேயே முதல் ரோலுக்காகக் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். அடக்க விலைக்குத் தருவேன், ஆனால் கேமராவைக் கொண்டு வர வேண்டும். என் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து ரோலை மாட்டிவிட்டுப் போகட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோலை உடனே பிரித்தால் வேர்த்துவிடும், ஒரு மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு பேசுவோம். விற்பதற்கென்று வாங்க வருகிறவருக்கு அவ்வளவு நேரம் இருப்பதில்லை.

நீங்களே அதிகமாகப் பிடுங்கியதாகச் சொன்னீர்களே?

ஆமாம். சில வருடம் முன்னால், அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு முந்தின நாள். என்னிடம் இரண்டு ரோல் கூடுதலாக இருந்தது. மேலூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண், அப்பாவின் பழைய கேமராவோடு மாட்டுத்தாவணியில் வந்து இறங்கி, எல்லாக் கடையிலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் சார் என்று போன் செய்தாள். நான் கடை விலைக்கு மேல் 500 சேர்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அந்த வாரம் எல்லாரும் அப்படித்தான் விற்றார்கள், அவ்வளவுதான். அவள் பேரம் பேசவில்லை. ஜிபேயில் கொஞ்சம் அனுப்பிவிட்டு, மிச்சத்தைப் பர்ஸிலிருந்து ஐம்பதும் இருபதுமாக எண்ணிக் கொடுத்தாள். எண்ணுகிறபோது திரும்பிப் போகப் பஸ் காசைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்தும் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி 500-ஐத் திருப்பி அனுப்பினேன். "சார், தப்பா அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கணக்குத் தப்பு என்று எழுதினேன்.

அதிக விலை போட்டவரை எல்லார் முன்னாலும் திட்டலாமா?

கூடாது. ஒருமுறை தனியாக, மரியாதையாக எழுதிப் பாருங்கள்: 'அண்ணே, இது கடையில் இன்ன விலை, தெரியாமல் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.' பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. மாமனார் வீட்டுப் பரணில் கிடைத்ததை, யாரோ போட்ட விலையைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். தெரிந்தே போட்டவர் என்றால் வாங்காமல் விடுங்கள். நாற்பது பேர் திட்டி எழுதினால் அந்த விளம்பரம்தான் மேலே மேலே வந்து நிற்கும். சாணியை மிதித்துவிட்டுச் சண்டை போடுகிற கதை.

கொஞ்சமாவது கண்டிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விலை ஒப்புக்கொண்டபின், வேறு ஒருவர் அதிகம் தருகிறார் என்று வார்த்தையை மாற்றுகிறவர். அவரைப் பெயர் சொல்லி நாலு பேருக்கு எச்சரிப்பதில் தப்பில்லை.

பணம் அனுப்பி ஏமாறாமல் இருக்க?

தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் பொய் விளம்பரமும் முளைக்கும், விலை மலிவாகவும் இருக்கும். ரோல் மேல் உங்கள் பெயரை எழுதி ஒரு துண்டுச் சீட்டு வைத்துப் புதுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் பெரியார் பஸ் ஸ்டாண்டோ கோரிப்பாளையமோ, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நேரில் வாங்குங்கள். நீங்கள் விற்கிறவராக இருந்தால், பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் போடவே வேண்டாம். கியூஆர் அனுப்பி 'இதை ஸ்கேன் பண்ணினால் பணம் வரும்' என்கிறவர் திருடர். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்புகிற கலெக்ட் கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, கியூஆர் தந்திரம் நிற்கவில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அதிக விலைக்கு வாங்கினேன், மறு மாதம் கடையில் சரக்கு வந்துவிட்டது. திருப்பிக் கேட்கலாமா?

கேட்க முடியாது. விலையைத் தெரிந்துதானே வாங்கினீர்கள்? பதுக்கினவருக்கும் இதே சறுக்கல் வரும் என்பதில் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டில் நடந்தது இது. எதீரியம் என்கிற டிஜிட்டல் நாணயத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தோண்டுவதற்கென்று அள்ளி அள்ளி வாங்கி விலையை ஏற்றியிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அந்த நாணயம் தோண்டுகிற முறையையே விட்டுவிட்டது. அதன்பின் அந்தக் கார்டுகள் எல்லாம் பழைய சாமான் விளம்பரத்துக்கு வந்து குவிந்தன.

உங்களிடம் இப்போது ரோல் இருக்கிறதா?

நாலு இருக்கிறது. மூன்று சித்திரைக்கு. ஒன்று, கேமராவோடு வருகிற யாருக்காவது. வந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.